கப்பல் தளத்திலிருந்து பார்த்த ஊர்

கடல் தாண்டிய தெரு – 11

1821ஆம் ஆண்டு லண்டனில் பத்துப் படங்கள் அடங்கிய தொகுப்பொன்று வெளிவந்தது. பினாங்குத் தீவின் காட்சிகள். தீட்டியவர் வங்காளப் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் ராபர்ட் ஸ்மித். செப்புத் தகட்டில் ஏற்றி அச்சாக்கியவர் வில்லியம் டேனியல். அந்தப் பத்தின் தலைப்புகளை முதன்முறை வாசித்தபோது என் கண் ஒன்றைத்தான் தேடியது. பத்து வாரங்களாக நாம் நடந்துகொண்டிருக்கும் இந்தப் பிட் தெரு, இன்றைய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை, அதில் இருக்கிறதா?

சஃபோக் மாளிகை இருக்கிறது. குளுகோர் மாளிகையும் அதன் வாசனைப் பயிர்த் தோட்டங்களும் இருக்கின்றன. ஸ்ட்ராபெரிக் குன்றிலிருந்து தெரியும் காட்சி, ஹாலிபர்ட்டன் குன்றிலிருந்து தெரியும் காட்சி, எர்ஸ்கின் மேடு, அருவி, பெருமரம், சீனர்களின் ஆலை, கவுன்சில் மாளிகையிலிருந்து பார்த்தால் விரியும் வடகரை எல்லாம் உண்டு. தெருவுக்கு ஒரு படம் இல்லை. பள்ளிவாசலுக்கும் இல்லை.

ஸ்மித் இந்தத் தெருவை அறியாதவர் என்றால் மனம் ஆறும். 1814 முதல் சில ஆண்டுகள் பினாங்கில் அவர்தான் தலைமைப் பொறியாளர். தெருவின் வடகோடியில் வெள்ளைத் தூண்களோடு நிற்கிறதே செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், அது எழுந்தது அவர் பொறுப்பில்தான். இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த கைதிகளின் உழைப்பில் 1818இல் கட்டி முடித்தார்கள். அங்கிருந்து பள்ளிவாசலுக்கு ஐந்தாறு நிமிட நடை. காற்று வாகாக வீசினால் பாங்கு காதில் விழும் தூரம். சென்ற வாரம் பார்த்தோம், பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் மொய்தீன் மெரிக்கானின் முயற்சியில், லெப்டினன்ட் கவர்னர் ஜார்ஜ் லீத் 1801இல் ஒதுக்கிய 18 ஏக்கரில் எழுந்த பள்ளிவாசல் அது. ஸ்மித் தேவாலயத்துக்கு அளவுக்கயிறு பிடித்த நாளில் அது எழுந்து ஏறக்குறைய பதினைந்து ஆண்டாகியிருந்தது.

பிற்காலத்தில் டில்லிக்குப் போன ஸ்மித், குதுப்மினாரின் உச்சியில் 1828இல் ஒரு மண்டபத்தைத் தூக்கி வைத்தார். பொருந்தவில்லை என்று 1848இல் இறக்கிவிட்டார்கள். அது இன்றும் புல்வெளியில் உட்கார்ந்திருக்கிறது. கட்டடத்தைப் பார்க்கத் தெரியாத மனிதர் என்று அதற்காக அவரைச் சொல்லிவிட முடியாது. பினாங்கில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியங்களைப் பார்த்தவர்களுக்கு அவருடைய கண் எத்தகையது என்று தெரியும். பினாங்கு மாநில அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் அவை இருக்கின்றன. ஆகவே தெரு விடுபட்டதற்குக் காரணத்தை ஒருவரின் கண்ணில் தேடிப் பயனில்லை. இந்தப் படங்கள் யாருக்காக எழுந்தன, எங்கே நின்று பார்த்து எழுந்தன என்பதில் இருக்கிறது விடை. அதற்கு நாம் கொஞ்சம் தூரம் போக வேண்டும். வெனிஸ் வரைக்கும்.

18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் ஐரோப்பாவைச் சுற்றிவரப் புறப்பட்டார்கள். பாரிஸ், ஃபுளோரன்ஸ், ரோம், வெனிஸ். போன ஊரைப் பத்து வருடம் கழித்தும் சுவரில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு. அந்த ஆசையை நம்பி வெனிஸில் ஒரு தொழிலே நடந்தது. அதன் பெரிய கை ஜொவான்னி அந்தோனியோ கனால், ஊரார் வாயில் கனலெத்தோ. கால்வாய், தேவாலயக் கூம்பு, திருவிழாப் படகுகள் என்று நகரத்தைக் கல் கல்லாகத் தீட்டித் தருவார். அவருக்கும் ஆங்கிலேயப் பயணிகளுக்கும் நடுவில் நின்று ஆர்டர் பிடித்துக் கொடுத்தவர் வெனிஸிலேயே குடியிருந்த ஜோசப் ஸ்மித். பின்னாளில் அங்கே பிரிட்டிஷ் கான்சல் ஆனவர். 1740களில் ஐரோப்பாவில் போர் மூண்டு பயணிகள் வரத்துக் குறைந்தது. 1746இல் கனலெத்தோ லண்டனுக்கே போய்விட்டார். வாங்குகிறவர் வராவிட்டால் விற்கிறவர் போக வேண்டியதுதானே.

1762இல் ஜோசப் ஸ்மித் தன் சேகரிப்பை மொத்தமாக விற்றார். கனலெத்தோவின் ஐம்பது ஓவியங்களும் நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட கோட்டோவியங்களும் அதில் அடக்கம். புத்தகம், படம் எல்லாம் சேர்த்து 20,000 பவுண்டு. வாங்கியவர் இங்கிலாந்தின் இளம் மன்னர் மூன்றாம் ஜார்ஜ். இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானது. நாம் நிற்கிற ஜார்ஜ் டவுன் அவர் பெயரைத் தாங்கிய ஊர். தீவுக்கு வைத்த 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு' என்ற பெயர் அவருடைய மகனுக்கு உரியது. வெனிஸின் காட்சிகள் அரண்மனைச் சுவரேறி இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1786 ஜூலையில், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பெனிக்காக ஃபிரான்சிஸ் லைட் இங்கே கரையிறங்கினார்.

அவரோடு வந்தவர்களில் சென்னைப் படையின் பொறியாளர் எலைஷா டிரபாட் ஒருவர். நிபோங் பனையை நட்டுக் கோட்டை எழுப்பிய அந்த முதல் நாட்களில் அவர் வரைந்துகொண்டிருந்தார். தீவைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் 1788இல் லண்டனில் வந்தது. வடமுனையின் காட்சி, கோட்டை முனையின் காட்சி, கடல் வரைபடம் எல்லாம் அதில் சேர்த்து விற்றார்கள். ஊருக்கு அப்போது வயது இரண்டு. தெருக்களுக்கு இன்னும் சரியாக மண் கொட்டி முடிக்கவில்லை, அதற்குள் ஊரின் படம் லண்டன் கடையில் கிடைத்தது.

டிரபாட் வரைந்த இரண்டு காட்சிகளுமே முனைகள் என்பதைக் கவனியுங்கள். கப்பல்காரனின் கண்ணுக்கு ஊர் என்றால் முதலில் முனை, பிறகு கொடிமரம், பிறகு கோட்டை. வெனிஸில் பயணி தண்ணீரில் மிதந்தபடியே வீட்டு வாசல் வரைக்கும் போய்விடுவார். கிழக்கே வந்த கப்பல் கரையிலிருந்து எட்டி நங்கூரம் போட்டது. இடையில் கிடந்த தண்ணீரின் அகலம்தான் இந்தப் படங்களின் தூரம். கும்பெனியின் பழைய ஓவியங்களில் அந்தத் தூரம் இன்னும் அதிகம். 1730களின் தொடக்கத்தில் லண்டன் லெடன்ஹால் தெருவிலிருந்த தலைமையகத்துக்காக ஜார்ஜ் லாம்பர்ட், சாமுவேல் ஸ்காட் இருவரும் ஆறு துறைமுகங்களைத் தீட்டினார்கள். சென்னைக் கோட்டையும் அதில் உண்டு. இருவருமே இந்தியாவை எட்டிப் பார்த்தவர்கள் அல்லர். ஆறுக்கும் சேர்த்துக் கிடைத்தது 94 பவுண்டு 10 ஷில்லிங்.

நேரில் வந்து பார்த்துத் தீட்டிய கதைக்கு டேனியல்களிடம் வர வேண்டும். தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் சீனாவைச் சுற்றிக்கொண்டு 1786இல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். லைட் பினாங்கில் இறங்கிய அதே ஆண்டு. கல்கத்தாவின் பன்னிரண்டு காட்சிகளை அங்கேயே அச்சிட்டு விற்றார்கள். தீட்டிய எண்ணெய் ஓவியங்களைக் குலுக்கல் சீட்டில் விற்றுப் பணம் சேர்த்து, 1792இல் சென்னைக்குக் கப்பலேறினார்கள். திப்புவுடன் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த கையோடு வந்த பயணம் அது. பெயர் மட்டும் கேள்விப்பட்ட மலைக்கோட்டைகளைப் பார்க்கச் சென்னையின் ஆங்கிலேயர்கள் துடித்துக்கொண்டிருந்தார்கள். டேனியல்கள் கோட்டைகளோடு நிற்கவில்லை. மதுரை, பாபநாசம் அருவி, கன்னியாகுமரி, தஞ்சைப் பெரிய கோயில், திருச்சி மலை, மாமல்லபுரம் என்று சுற்றி 1793 தொடக்கத்தில் சென்னை திரும்பினார்கள். அங்கே இன்னொரு குலுக்கல். சீட்டு விழுந்தவர்கள் வீட்டுக்கு மதுரையையும் தஞ்சாவூரையும் எடுத்துப் போனார்கள். ஊர் திரும்பிய பின் 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 'ஓரியன்டல் சீனரி' 144 படங்கள் கொண்டது. முழுத்தொகுப்பின் விலை 210 பவுண்டு.

வில்லியம் டேனியலின் கையில்தான் பிறகு ஸ்மித்தின் பினாங்கு போய்ச் சேர்ந்தது என்பதால், அந்தக் கை என்ன செய்தது என்று அருகில் போய்ப் பார்ப்போம். அக்குவாடின்ட் என்று பெயர். செப்புத் தகட்டின் மேல் நுண்ணிய பிசின் பொடியைத் தூவி அடியில் சூடு காட்டுவார்கள். பொடி இளகித் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தகட்டை அமிலத்தில் இறக்கினால், பொடி ஒட்டிய இடத்தை விட்டுவிட்டு இடைவெளிகளை மட்டும் அமிலம் அரிக்கும். வெளிர் வானம் வேண்டிய இடத்தில் முதல் முழுக்கோடு வார்னிஷ் பூசி மூடிவிடுவார்கள். மலையின் நிழலுக்கு இரண்டாம் முழுக்கு, மூன்றாம் முழுக்கு. மரத்தடி இருட்டுக்கு இன்னும் ஒன்று. அமிலம் எத்தனை நேரம் தின்றதோ அத்தனை கருமை. மையிட்டு, ஈரத்தாளை வைத்து அழுத்தி எடுத்த பின் தனித்தனியாகக் கையால் வண்ணம் தீட்டுவார்கள். இப்படி அச்சான வானத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒரு கோடு தெரியாது. பொரிந்த மண்ணைப் போல நுண்ணிய கண்ணி கண்ணியாக ஓடும். எட்டி நின்றால் அதுவே பினாங்குக் குன்றின் மேல் கவிந்த ஈரமான மேகம்.

இத்தனை அமிலமும் கண்பார்வையும் செலவழித்துச் செய்த படத்தை வாங்க ஆள் வேண்டும். 1805இல் பினாங்கைக் கும்பெனி தனி மாகாணமாக உயர்த்தியது. கவர்னர், கவுன்சில், சம்பளக்காரப் பட்டாளம் என்று ஊர் நிறைந்தது. ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் உதவிச் செயலாளராக வந்ததும் அந்த ஆண்டில்தான். ஸ்மித்தின் தலைப்புகளை மறுபடி பாருங்கள். சஃபோக் மாளிகை கவர்னர்கள் வாழ்ந்த வீடு. குளுகோர், ஜாதிக்காய்த் தோட்டக்காரர் டேவிட் பிரவுனுடையது. எர்ஸ்கின் மேடு கவுன்சில் உறுப்பினர் ஒருவரின் பெயரால் வந்தது. வீட்டுக்காரரே முதல் வாடிக்கையாளர். தான் வாழ்ந்த வராந்தாவையும், அங்கிருந்து தெரிந்த கடலையும் அவர் ஊருக்கு எடுத்துப்போக விரும்பினார். அதில் பழி சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வராந்தாவிலிருந்து பள்ளிவாசலை அடுத்த சூலியா தெரு தெரியாது.

விலைக்கு வாங்காமல் தானே வரைந்துகொண்டு போனவர்களும் உண்டு. இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட் ஊர்க்காரர் ஜேம்ஸ் வாதன், கையுறை வணிகம் செய்து ஓய்ந்தவர், அறுபதை ஒட்டிய வயதில் 'ஹோப்' என்ற கப்பலில் ஏறி 1811இல் புறப்பட்டார். சென்னை, பினாங்கு, காண்டன். போன இடமெல்லாம் வரைந்தார். 1814இல் 24 வண்ணப் படங்களோடு பயணநூல் வந்தது. அவருடைய ஆர்வத்தின் மேல் எனக்குத் தனி அன்பு உண்டு. படம் அவருக்குச் சரக்கல்ல, பார்த்ததை விட்டுவிட மனம் வராத தவிப்பு.

சரி, இந்தத் தெருவில் அப்போது இருந்தவர்கள் யார்? லைட் 1794இல் எழுதிய கணக்கு இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர் குடியேறியிருக்கிறார்கள், சிலர் குடும்பத்தோடு. பலர் முன்பே கெடாவில், நம் பழைய கடாரத்தில், நெடுநாள் வாழ்ந்தவர்கள், சிலர் அங்கேயே பிறந்தவர்கள். எல்லோரும் கடைக்காரர்கள், கூலிகள். அதற்கு மேல் ஆண்டுதோறும் கப்பல்கள் 1,300 முதல் 2,000 ஆண்களைக் கொண்டுவருகின்றன. வணிகத்திலும் கூலி வேலையிலும் சில டாலர் சேர்த்துக்கொண்டு அவர்கள் ஊர் திரும்ப, அடுத்த கப்பல் வேறு ஆட்களை இறக்குகிறது. துறைமுகத்தில் கப்பலிலிருந்து கரைக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுவந்த படகுக்காரர்களிலும் சூலியாக்கள் உண்டு. அவர்கள் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்த பயணி, இறங்கியதும் குன்றுக்குப் போய் அங்கிருந்து கடலைப் பார்த்து வரைந்தார்.

அந்த மனிதர்களின் முகமே படத்தில் ஏறவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஏறியது வேறொரு தாளில். தமிழ்நாட்டில் அதே 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், தஞ்சாவூரின் முச்சியர் என்ற ஓவியர்கள் ஆங்கிலேயர்களுக்காகப் படக்கட்டுகள் தீட்டத் தொடங்கியிருந்தார்கள். ஒரு தாளுக்கு ஒரு கணவன் மனைவி. குயவர் என்றால் பானை, வண்ணார் என்றால் துணி மூட்டை, தட்டார் என்றால் கொறடு. கையில் தொழிலின் அடையாளம், காலடியில் ஒரு பட்டை மண், பின்னால் வெறும் தாள் அல்லது வெறும் வானம். அடுத்த நூற்றாண்டில் திருச்சி இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. அபிரகம், நம் பக்கத்தில் காக்காய்ப் பொன் என்று சொல்வோமே, அந்தக் கண்ணாடித் தகட்டை ஏடு ஏடாகப் பிரித்து அதன் மேல் தீட்டினார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. பெட்டியில் போட்டு விற்பார்கள்.

அப்படிப்பட்ட கட்டு ஒன்றை நினைத்துப் பாருங்கள். அடியில் ஓர் அட்டை. அதில் ஒரு முகம் மட்டும், சில சமயம் பின்னணியோடு. மேலே வைக்கும் அபிரக ஏடுகளில் உடலும் உடுப்பும் மட்டும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. ஓர் ஏட்டை எடுத்து அட்டையின் மேல் சரியாகப் பொருத்தினால் முகத்துக்கு உடுப்பு வந்துவிடும். தண்ணீர் சுமப்பவர். அதை எடுத்துவிட்டு அடுத்ததை வைத்தால் அதே முகம் சேவகர். அடுத்தது துணி வெளுப்பவர். உடுப்பு மாறிக்கொண்டே போகும், முகம் மாறாது. வேலைப்பாடு அருமையானது. துணியின் கரையைக் கூட மயிரிழைத் தூரிகையால் பிடித்திருப்பார்கள். அந்தக் கைவினைஞர்கள் மேல் எனக்கு மரியாதை மட்டும்தான். ஆனாலும் கோடிப் பேருக்கு ஒரே முகம் போதும் என்று வாங்கிக்கொண்டு போனவர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஊரைப் படமாக வாங்கிய தாளில் தெரு இல்லை, தெருவில் வாழ்ந்தவரை வாங்கிய தாளில் ஊர் இல்லை. இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக, அந்த அபிரக ஏட்டைப் போல, பொருத்திப் பார்க்க வேண்டிய வேலை நம்முடையது.

தமிழில் ஊரைக் காட்டும் வழி வேறு. மதுரைக்காஞ்சிப் புலவர் மதுரையை மலைமேல் நின்று பார்க்கவில்லை. பகலிலும் இரவிலும் அங்காடியில் நடக்கிறார். சிலப்பதிகாரத்தில் புகாரின் இந்திர விழா வரும்போது மருவூர்ப்பாக்கத்தில் எந்தத் தெருவில் யார் இருந்தார், என்ன விற்றார், என்ன செய்தார் என்று தொழில் தொழிலாகப் பெயர் விழுகிறது. நம் மரபில் நகர்க்காட்சி என்றால் கால் நடக்க வேண்டும். ஸ்மித்துக்கு விடுபட்டதை அந்த வழியில் நடந்தே நிரப்பிப் பார்க்கிறேன்.

தேவாலயத்திலிருந்து தெற்கே வந்தால் முதலில் ஊதுபத்திப் புகை. 1800இல் எழுந்த சீனர்களின் கருணைத் தாய் கோயில். இன்றும் வாசல் முற்றத்தில் ஆளுயர ஊதுபத்திகள் எரிந்துகொண்டிருக்கின்றன, காற்று திரும்பினால் கண் எரியும். பக்கத்துத் தெரு முனைக்குள் திரும்பினால் மல்லிகை வாசம். குயின் தெருவைப் பார்த்த வாசலும் பிட் தெருவுக்கு முதுகுமாக மகாமாரியம்மன் கோயில். கோயிலாக எழுந்தது 1833இல், அதற்கு முன்பே அங்கே வழிபாடு இருந்தது. மறுபடி பெரிய தெருவுக்கு வந்து ஐந்தடி நடைபாதையில் போனால் நகைக்கடைகள், நாணயம் மாற்றும் கடைகள். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மலாயில் விலை சொல்லி, தமிழில் பையனை அதட்டி, ஹொக்கியனில் அடுத்த கடைக்காரரோடு பேச்சைத் தொடர்வார். பிறகு பள்ளிவாசல். இப்போது பார்க்கும் முகலாயக் கும்மட்டங்கள் 1910களில் கட்டடக் கலைஞர் நியூப்ரோனர் கைபட்டு வந்தவை. ஸ்மித் காலத்துப் பள்ளிவாசல் சரிந்த கூரையோடு தாழ நின்ற செங்கல் கட்டடம். குன்றிலிருந்து பார்ப்பவருக்குத் தனியாகத் தெரிந்திருக்காது. தெருவில் நின்றால்தான் தெரியும்.

பள்ளிவாசலைத் தாண்டிச் சூலியா தெருவில் கிழக்கே திரும்பி, கிங் தெரு முனைக்கு வந்தால் ஒரு சிறிய தர்கா. நாகூர் ஆண்டவர் பெயரில் எழுப்பியது. அவர் அடக்கமாகியிருப்பது நாகூரில். இங்கே இருப்பது நினைவு. சிறு மினாராக்கள் நான்கு மூலையிலும். நான் அதன் எதிரே வெகுநேரம் நின்றேன். லைட்டின் கணக்கில் வந்த அந்த ஆயிரத்து முந்நூறு பேர் வீடு திரும்பும்போது பினாங்கின் படத்தை எடுத்துப் போகவில்லை. ஆனால் வரும்போது ஊரை எடுத்து வந்திருக்கிறார்கள். சுண்ணாம்பும் செங்கலுமாக அதைத் தெருமுனையில் வைத்திருக்கிறார்கள், கடலைப் பார்த்தபடி அல்ல, கடைத்தெருவைப் பார்த்தபடி. ஜமாதுல் ஆகிர் மாதம் நாகூரில் கந்தூரிக்குக் கொடி ஏறும்போது இங்கேயும் ஏறுகிறது.

(அடுத்த வாரம்: 1900ஐ ஒட்டி இந்தத் தெருவின் பள்ளிவாசலும் கோயிலும் அஞ்சல் அட்டையில் ஏறிய கதை.)